பழைய காருக்குப் புது மூக்கு

மாதக் கணக்கு எழுதும் நல்ல வழக்கம் உங்களிடம் உண்டா? அப்படியானால் இந்த விஷயத்தை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பால், அரிசி, காய்கறி, குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வருகிறீர்கள். 'பெட்ரோல்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா திகைத்து நிற்கிறது. போன மாதம் போய் வந்த இடங்களுக்குத்தான் இந்த மாதமும் போய் வந்தீர்கள். கல்யாணம், சீமந்தம் என்று வெளியூர்ப் பயணம் எதுவும் இல்லை. ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளை மகாபலிபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போகவும் இல்லை. பெட்ரோல் விலையும் ஏறவில்லை. ஆனாலும் தொகை மட்டும் கூடியிருக்கிறது!

"கார் பழசாகிவிட்டது அல்லவா? அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் யாராவது சமாதானம் சொல்வார்கள். அவசரப்பட்டு ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். வயதான மனிதர்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்களே தவிர, ஒரு நாளும் இரட்டிப்பாக்கிக் கொள்வதில்லை. பத்துப் பதினைந்து வயதான பெட்ரோல் கார் திடீரென்று பெரும்பசி எடுத்துக் குடிக்க ஆரம்பித்தால், அதன் மூக்கில் கோளாறு இருக்கலாம்.

காருக்கு ஏது மூக்கு என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டியும் அதற்குப் பிறகும் நம் நாட்டில் வந்த பெட்ரோல் கார்கள், பிந்திய மாருதி 800 முதற்கொண்டு, பெட்ரோலைக் கணக்காகப் பீச்சும் 'எம்.பி.எஃப்.ஐ.' வகையைச் சேர்ந்தவை. இவற்றில் என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், கட்டைவிரல் அளவில் ஒரு சிறு கருவியைத் திருகி வைத்திருப்பார்கள். அதன் வாலாக இரண்டு மூன்று வயர்கள் தொங்கும். புகையில் பிராணவாயு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்வது அதன் வேலை. கடையில் போய் 'பிராணவாயு' என்று ஆரம்பித்தால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 'ஆக்ஸிஜன் சென்ஸார்' அல்லது 'ஓ டூ சென்ஸார்' என்று கேளுங்கள்; உடனே புரிந்துகொள்வார்கள்.

மோப்பம் பிடிக்கும் விதம்

விறகடுப்பு ஊதிய அனுபவம் உங்களுக்கு இல்லாவிட்டாலும், உங்கள் பாட்டிக்கு நிச்சயம் இருந்திருக்கும். அடுப்பு வாய் நிறைய விறகைத் திணித்துக் காற்றுக்கு வழி விடாமல் வைத்தால் என்ன ஆகும்? வீடு முழுவதும் புகை; விறகும் நஷ்டம். காற்று மட்டும் ஏராளமாக இருந்து விறகு போதாவிட்டால் உலை கொதிக்காது. என்ஜினும் ஓர் அடுப்புதான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த அளவு பிசகாமல் பார்த்துக்கொள்ளக் காருக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதற்குக் கண் கிடையாது. சென்ஸார் சொல்லும் சேதிதான் அதற்கு வேதவாக்கு.

சென்ஸாரின் தலைக்குள், தையல்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் தொப்பி போல ஒரு பீங்கான் குப்பி இருக்கிறது. ஸிர்கோனியம் ஆக்ஸைடு என்ற பொருளால் ஆனது. அதன் மேல் உள்ளும் புறமும் பிளாட்டினம் பூச்சு. குப்பிக்கு உள்ளே வெளிக்காற்று; வெளியே என்ஜின் புகை. சுமார் 300 டிகிரி ஸெல்ஸியஸுக்கு மேல் சூடானதும், இரண்டு பக்கத்துப் பிராணவாயுவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்பப் பீங்கானில் மின்சாரம் பிறக்கிறது. பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும். காற்று அதிகமானால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். நல்ல சென்ஸார் இந்த இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரும் அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இதே ஜாதிப் பீங்கானை வைத்துத்தான் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் ரசாயன அறிஞர் 1897-ல் ஒரு மின் விளக்கே செய்தார். 1920-க்குரிய நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடைய கண்டுபிடிப்புகளின் வழியில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த சென்ஸார், 1976-ல் ஸ்வீடன் நாட்டு வோல்வோ கார்களில் முதன்முதலாக ஏறி அமெரிக்கா சென்றது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், புகையைச் சுத்தப்படுத்தும் 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர்' புதுக் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோலும் நாடெங்கும் ஒழிந்தது. ஈயம் இந்த மூக்குக்கு ஜன்ம விரோதி. அது போன பிறகே சென்ஸார் நம் ஊரில் நிம்மதியாகக் குடித்தனம் செய்ய முடிந்தது.

இப்போது இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் தனக்குள்ளேயே பிராணவாயுவை வைத்துக்கொண்டு வருவது. ஆகையால் பழைய கணக்குப்படி பெட்ரோலைப் பீச்சினால் போதாது. சற்றுக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதும் இந்த மூக்குதான். பழைய காருக்கு நல்ல மூக்கு முன்னைவிட இன்று அதிகம் அவசியம்.

மூக்குதான் குற்றவாளியா?

டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஓ டூ சென்ஸார் போச்சுக்கா. புதுசு போட்டுடலாம்" என்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பர்ஸைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, என்ன நம்பர் காட்டுது?"

'பி 0135' என்றால் முன் சென்ஸாரைச் சூடேற்றும் கம்பியிலோ அதன் வயரிலோ பழுது. இங்கே சென்ஸார் மேல் சந்தேகப்படுவது நியாயம். 'பி 0171' என்றால் காற்று அதிகம் என்றும், 'பி 0172' என்றால் பெட்ரோல் அதிகம் என்றும் அர்த்தம். இந்த இரண்டும் பெரும்பாலும் மூக்கு உள்ளபடி சொன்ன சேதிகள். எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்று புகுந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக் சரியாக எரியாமல் இருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். சென்ஸாருக்கு முன்னால் புகைக் குழாயில் விரிசல் விட்டு வெளிக்காற்று உள்ளே போகலாம். பால் திரிந்துவிட்டது என்று வந்து சொன்ன குழந்தையை அடித்தால் பால் சரியாகிவிடுமா?

'பி 0420' என்பது இன்னொரு வம்பு. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சென்ஸார் உள்ள கார்களில் இது வரும். முன் சென்ஸார் ஊஞ்சல் ஆட வேண்டும். பின் சென்ஸார் பெரும்பாலும் அசையாமல் இருக்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால், கன்வெர்ட்டர் களைத்துவிட்டது என்று பொருள். அங்கே பின் சென்ஸாரை மாற்றுவது வீண் செலவு.

இந்த நம்பரெல்லாம் வராத பழைய கார்களும் உண்டு. நம் நாட்டில் இப்படித் தன் நோயைத் தானே சொல்லும் ஏற்பாடு 2010-லிருந்து 2013-க்குள்தான் புதுக் கார்களுக்குப் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய காராக இருந்தால், என்ஜினைச் சூடாக்கி, வோல்ட் மீட்டர் வைத்து ஊஞ்சல் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. ஒரே இடத்தில் நின்றுவிட்டாலோ, ரொம்ப மெதுவாக அசைந்தாலோ மூக்குக்கு வயதாகிவிட்டது.

ஆயுள் எவ்வளவு? சூடேற்றும் கம்பி இல்லாத பழைய மாதிரி 50,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். கம்பி உள்ளது ஒரு லட்சத்தைத் தாண்டும்; பிந்திய மாதிரிகள் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் தாங்கும். இடையில் விஷம் சேராமல் இருக்க வேண்டும்! என்ஜின் ஆயில் எரிவது, ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிவது, கண்ட கண்ட ஸிலிகான் பசையை என்ஜினில் பூசுவது இவையெல்லாம் அதற்கு விஷம். கழற்றிய சென்ஸாரின் முனையைப் பாருங்கள். கன்னங்கரேல் என்ற கரி இருந்தால் பெட்ரோல் அதிகமாக எரிந்திருக்கிறது. வெள்ளைப் பொடி இருந்தால் ஸிலிகான் அல்லது ரேடியேட்டர் திரவமாக இருக்கலாம். மூல காரணத்தைச் சரி செய்யாமல் புது மூக்கு வைத்தால், அதற்கும் சீக்கிரத்தில் அதே கதிதான்.

ஐந்து பொருத்தம்

சரி, மூக்குதான் குற்றவாளி என்று தீர்ந்துவிட்டது. இனி வரன் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இதற்கு ஐந்து போதும். ஆனால் ஐந்தில் ஒன்று குறைந்தாலும் கூடாது.

முதலாவது, ஜாதி. மேலே சொன்ன ஸிர்கோனியா மின்சாரத்தைத் தானே உண்டாக்கும். டைட்டானியா என்று இன்னொரு வகை; அது மின்சாரம் உண்டாக்காது, தன் மின்தடையை மட்டும் மாற்றிக் காட்டும். 'வைட் பேண்ட்' என்று மூன்றாவது வகை 1990-களில் வந்தது; அதற்குப் பேசும் பாஷையே வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் கம்ப்யூட்டருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது.

இரண்டாவது, இடம். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ளதா, பின்னால் உள்ளதா? இரண்டும் அண்ணன் தம்பி போல இருந்தாலும் வயர் நீளமும் குணமும் வேறாக இருக்கும்.

மூன்றாவது, வயர். ஒரு வயர் என்றால் சேதி மட்டும். மூன்று என்றால் சேதிக்கு ஒன்று, சூடேற்ற இரண்டு. நான்கு என்றால் சேதிக்குத் தனியாக ஓர் எர்த் வயரும் சேர்ந்தது. எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். டென்ஸோ செய்யும் சில வைட் பேண்ட் சென்ஸார்களுக்கும் நாலே வயர்தான்!

நான்காவது, உடல்வாகு. திருகும் மரை பெரும்பாலும் 18 மில்லிமீட்டர், சிலவற்றில் 12. சில ஜப்பானிய மாதிரிகளில் மரையே கிடையாது. இரண்டு நட்டுப் போட்டு இறுக்குவார்கள். வயர் நீளம், முனையில் உள்ள கனெக்டர் இரண்டும் பழையதை அச்சாக ஒத்திருக்க வேண்டும். வயர் குட்டையாக இருந்தால் இழுத்துக் கட்டுவார்கள். என்ஜின் குலுங்கும்போது அறுந்துவிடும். நீளமாக இருந்தால் சுடு குழாயில் பட்டு உருகிவிடும்.

ஐந்தாவது, சூடேற்றும் கம்பியின் பலம். அதன் மின்தடை காருக்குக் கார் வேறுபடும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். எல்லாம் ஒரே இடத்தில் எழுதியிருக்கிறது. அதுதான் சென்ஸாரின் ஜாதகம்! பழைய சென்ஸாரின் உலோக உடலிலோ கனெக்டரிலோ நம்பர் பொறித்திருப்பார்கள். பாஷ் செய்ததாக இருந்தால் 0 258 என்று ஆரம்பிக்கும் பத்து இலக்க நம்பர். துணியால் துடைத்து மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். துருவில் நம்பர் அழிந்துபோயிருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, கார்க் கம்பெனியின் பாகங்கள் விற்கும் இடத்தில் சரியான நம்பரைக் கேட்டு வாங்கலாம். "2006 மாடல் வண்டிக்கு ஒன்று கொடுங்கள்" என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. ஒரே பெயர் கொண்ட காரில், ஒரே வருஷத்திலேயே இரண்டு விதமான சென்ஸார் வந்திருக்கக்கூடும்.

எல்லோருக்கும் பொருந்தும் மாப்பிள்ளை

கடைக்காரர் இப்போது ஆசை காட்டுவார். "இது யுனிவர்ஸல், மேடம். எந்த வண்டிக்கும் சேரும். விலையும் குறைவு." கனெக்டர் இல்லாமல் வெறும் வயர் நீட்டிக்கொண்டிருக்கும் சென்ஸார் அது. பழையதன் கனெக்டரை வெட்டி இதில் ஒட்ட வேண்டும்.

நல்ல கம்பெனிகளே யுனிவர்ஸல் சென்ஸார் செய்கின்றன. அந்தப் பெயரைக் கண்டதும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பழைய சென்ஸாரின் நம்பர் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது வயர் நிறம். பாஷ், என்.டி.கே. நாலு வயர் சென்ஸார்களில் வழக்கமாக இரண்டு வெள்ளை வயர் சூடேற்ற, கறுப்பு சேதிக்கு, சாம்பல் நிறம் எர்த். டென்ஸோவிலோ வழக்கமாக இரண்டு கறுப்பும் சூடேற்ற, நீலம் சேதிக்கு, வெள்ளை எர்த். 'கறுப்புக்குக் கறுப்பு' என்று கண்ணை மூடிக்கொண்டு இணைத்தால், ஒரு வோல்ட்கூட வராத வயரில் பாட்டரியின் 12 வோல்ட் பாய்ந்து கம்ப்யூட்டருக்கே ஆபத்து வரலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல சென்ஸார்கள் உள்ளே வேண்டிய வெளிக்காற்றை வயரின் உறைக்குள் இருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் இழுத்துக்கொள்கின்றன. ஈயப்பற்று வைத்துப் பற்றவைத்தாலும், கனெக்டரில் கிரீஸைத் தடவினாலும் அந்த வழி அடைந்துவிடும். அதனால் அழுத்திப் பிடிக்கும் இணைப்பான்களைத்தான் உபயோகிக்க வேண்டும். இவ்வளவையும் பொறுமையாகச் செய்யக்கூடிய மெக்கானிக் உங்களுக்கு வாய்த்திருந்தால் யுனிவர்ஸல் வாங்குங்கள். இல்லாவிட்டால், சற்று விலை கூடினாலும் கனெக்டரோடு வரும் நேர்ப் பொருத்தமே நல்லது.

சென்னைவாசிகள் புதுப்பேட்டையை நினைப்பீர்கள். கதவு, பம்பர், கண்ணாடி என்றால் அங்கே பழசாக வாங்கிச் சிக்கனம் செய்யலாம். சென்ஸார் அப்படி அல்ல. இன்னொரு காரில் எத்தனை கிலோமீட்டர் உழைத்தது, என்ன விஷம் குடித்தது என்பது வெளியே தெரியாது. புதிதாகவே வாங்குங்கள். உங்கள் காருக்கு முதலில் சென்ஸார் செய்து கொடுத்த கம்பெனி எதுவோ, அதையே மறுபடியும் வாங்குவது உத்தமம். அது பாஷ், டென்ஸோ, என்.டி.கே. என்று பெயர் பெற்றவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும். பெட்டியில் உள்ள நம்பரும் சென்ஸாரின் உடலில் பொறித்த நம்பரும் ஒன்றாக இருக்கட்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெரிய பெயரும் நம்ப முடியாத சின்ன விலையும் சேர்ந்து வந்தால் அது போலியாக இருக்கலாம்.

மாட்டும்போது

புதுச் சென்ஸாரைக் கண்ணாடி வளையல் போல நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது பீங்கான். கீழே விழுந்தால் மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே விரிந்திருக்கும். பழையதைக் கழற்றும்போது குழாய் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் மரை சுலபமாக விடும். கொதிக்கும் சூட்டில் கை வைக்கக் கூடாது. மரையில் தடவ வேண்டிய பசையைப் பெரும்பாலும் கம்பெனியே தடவி அனுப்பியிருக்கும். அது முனையில் படக் கூடாது. முனையை விரலாலும் தொட வேண்டாம்.

"பின் சென்ஸாரைக் கழற்றிவிட்டு ஏமாற்றுக் கருவி ஒன்று போட்டுவிடலாம், விளக்கு எரியாது" என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. தெர்மாமீட்டரை உடைத்துவிட்டால் ஜுரம் போய்விடுமா? அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சில ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு இத்தனை விசாரணையா என்று தோன்றலாம். மூக்கு பழுதாகிப் பெட்ரோல் அதிகமாகப் பாய்ந்துகொண்டே இருந்தால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். கன்வெர்ட்டருக்குள் இருப்பவை பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். நகைக்கடை விவகாரம்! சென்ஸார் விலையைப்போலப் பல மடங்கு ஆகும். சென்ஸார் மோசமாகப் பழுதான காரைச் சரி செய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட உயரலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குச் சொல்கிறது. பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும், புகைப் பரிசோதனைக்குப் போகும்போதும் இந்தச் சின்ன மூக்குதான் உங்கள் மானத்தைக் காப்பாற்றும்.

பணத்தைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. பெட்ரோல் அதிகமாகிக் காற்றுப் போதாமல் எரிந்தால் பிறப்பது கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை; நம் மூக்குக்கு அது எட்டவே எட்டாது. அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் கார் நின்று உறுமும் இடத்தில்தான் குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். அங்கே நம் மூக்கு செய்ய முடியாத காவலைச் செய்வது காரின் மூக்குதான்.

புதுச் சென்ஸார் மாட்டிய பிறகு பழைய நம்பர்களை அழிக்கச் சொல்லுங்கள். டாங்கியை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வகுத்துப் பாருங்கள். இப்படி மூன்று தடவை பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும். கழற்றிய பழைய சென்ஸாரை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கார் பத்திரங்களோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை வரன் தேடும்போது ஜாதகம் கையோடு இருக்கும்!